நவாபின் மண்டபமும் மது நானாவின் மேசையும்

அரசியல் என்றதும் எமது மனக்கண்ணில் எழுவது மேடையும் ஒலிபெருக்கியும் சுவரொட்டியும்தான். உயர்தரத்தில் அரசறிவியல் கற்கும் மாணவியருக்கென்றால் அரசியலமைப்பும் கட்சிமுறையும் தேர்தல் முறைகளும் நினைவுக்கு வரும். ஆனால் எந்த மேடையும் திடீரென முளைத்து விடுவதில்லை. அதற்கு முன்னர் எங்கோ ஓரிடத்தில் நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசியிருப்பார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்திருப்பார். ஆறிப்போன தேநீரை மறந்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். அந்த நாலு பேரும் உட்கார்ந்த இடத்தைப் பற்றி எமது பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை.

பங்களாதேஷின் தலைநகரமான டாக்காவில் அப்படிப்பட்ட இடமொன்று உள்ளது. நூற்றாண்டுக்கு முன்னர் அது செல்வந்தக் குடும்பமொன்றின் தோட்ட மண்டபம். இன்று அது பல்கலைக்கழக மாணவர்களின் சிற்றுண்டிச்சாலை. 'மதுர் கென்டீன்' என்பது அதன் பெயர். பெயரைக் கண்டு வாசகர்கள் திடுக்கிட வேண்டாம்! அங்கு விற்கப்படுவது தேநீர்தான். 'மது' என்பது மதுசூதன் என்னும் மனிதரின் சுருக்கப் பெயர். 'மதுர்' என்றால் வங்காள மொழியில் 'மதுவினுடைய' என்று பொருள். நவாப்மார் கட்டிய மண்டபம் தேநீர் விற்றவரின் பெயரால் ஏன் வழங்கலாயிற்று? இக்கட்டுரை சொல்ல வருவது அந்தக் கதையைத்தான்.

ஜல்ஸா என்னும் சொல்

நவாப் காலத்தில் இம்மண்டபத்துக்கு 'ஜல்சாகர்' என்று பெயர். 'கர்' என்றால் வீடு. 'ஜல்சா' என்பது எமக்கு அந்நியமான சொல்லன்று. தொழுகையில் இரண்டு ஸுஜூதுகளுக்கிடையே அமர்வதை நாம் 'ஜல்ஸா' என்கிறோம். உட்காருதல் என்னும் பொருள் தரும் அரபு வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது அது. ஒன்றுகூடி அமரும் சபையைக் குறிக்கும் 'மஜ்லிஸ்' என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததே. எமது அயல்நாடான மாலைதீவின் பாராளுமன்றத்துக்கு 'மஜ்லிஸ்' என்றே பெயர். 'பார்லிமென்ட்' என்ற சொல் பேசுதல் என்னும் பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 'மஜ்லிஸ்' உட்காருதலிலிருந்து வந்தது. ஆற அமர உட்கார இடமிருந்தால்தானே பேச முடியும்?

இந்த அரபுச் சொல் பாரசீக, உருது மொழிகளின் வழியே வங்காளம் சென்றபோது, இசையும் நடனமும் நிகழும் கூட்டத்துக்கும் அதுவே பெயராயிற்று. டாக்கா நவாப் குடும்பத்தினரின் ஜல்சாகர் அத்தகையதொரு கேளிக்கை மண்டபமாகவே தொடங்கியது.

அரசனில்லாத அரச தோட்டம்

'ஷா' என்றால் பாரசீகத்தில் அரசன். 'பாக்' என்றால் தோட்டம். டாக்காவின் ஷாபாக் பகுதி முகலாயர் காலத்திலேயே பூந்தோட்டமாக இருந்தது. முகலாயரின் செல்வாக்கு மங்கியபோது அது காடு பற்றிப் போயிற்று. 19 ஆம் நூற்றாண்டில் டாக்கா நவாப் குடும்பத்தினர் அந்நிலத்தை வாங்கித் திருத்தி, மீண்டும் தோட்டமாக்கினர். உள்ளே பல மண்டபங்களையும் எழுப்பினர்.

'நவாப்' என்றதும் படையும் பரிவாரமும் கொண்ட ஆட்சியாளர் என்று எண்ணிவிடக் கூடாது. இக்குடும்பத்தினர் காஷ்மீரிலிருந்து வந்து குடியேறிய வியாபாரிகள். வியாபாரத்தில் ஈட்டிய பணத்தை நிலங்களில் இட்டுப் பெரும் ஜமீன்தார்களாயினர். நவாப் என்னும் பட்டம் ஆங்கிலேய அரசு வழங்கியது. புரிகங்கை ஆற்றங்கரையில் இளஞ்சிவப்பு நிறத்தில் இன்றும் நிற்கும் அஹ்ஸன் மன்ஸில் இவர்களது மாளிகையாகும். ஆற்றங்கரை மாளிகை குடியிருப்பதற்கு. ஷாபாக் தோட்டம் பொழுதுபோக்குவதற்கும் விருந்தினரை வரவேற்பதற்கும். இஷ்ரத் மன்ஸில், நிஷாத் மன்ஸில், ஜல்சாகர் ஆகியன அத்தோட்டத்தின் மண்டபங்களுள் சில. இஷ்ரத் என்றாலும் நிஷாத் என்றாலும் இன்பம், மகிழ்ச்சி என்றே பொருள்படும். என்ன நோக்கத்துக்காக இவை கட்டப்பட்டன என்பதைப் பெயர்களே கூறிவிடுகின்றன.

1906 டிசெம்பர் 30

1905 ஒக்டோபரில் ஆங்கிலேய அரசு வங்காள மாகாணத்தை இரண்டாகப் பிரித்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த கிழக்குப் பகுதி, அஸாமுடன் சேர்ந்து தனி மாகாணமாயிற்று. டாக்கா அதன் தலைநகரமாயிற்று. இப்பிரிவினையை எதிர்த்து கல்கத்தாவில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. டாக்காவின் நவாப் ஸலீமுல்லாஹ்வோ கிழக்கு வங்காள முஸ்லிம்களின் முன்னேற்றத்துக்கு இதுவே வாய்ப்பு எனக் கருதி அதனை ஆதரித்தார்.

அடுத்த ஆண்டு டிசெம்பரில் அகில இந்திய முஹம்மதியக் கல்வி மாநாடு டாக்காவில் கூடியது. இது ஸேர் ஸெய்யித் அஹ்மத் கான் 1886 இல் தொடக்கி வைத்த அமைப்பாகும். இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் வந்த பிரதிநிதிகளுக்கு ஷாபாக் தோட்டத்தில் விருந்தோம்பியவர் நவாப் ஸலீமுல்லாஹ். கல்வி பற்றிய அமர்வுகள் முடிந்த பின்னர், டிசெம்பர் 30 ஆந் திகதி, நவாப் விகாருல் முல்க் தலைமையில் அரசியல் கூட்டமொன்று நடைபெற்றது. முஸ்லிம்களுக்கென ஓர் அரசியல் அமைப்பு வேண்டும் என்னும் தீர்மானத்தை ஸலீமுல்லாஹ் முன்மொழிந்தார். ஹகீம் அஜ்மல் கான் வழிமொழிந்தார். அகில இந்திய முஸ்லிம் லீக் அன்று தோற்றம் பெற்றது. நாற்பது ஆண்டுகள் கழித்துப் பாகிஸ்தான் என்னும் நாட்டை உருவாக்கிய கட்சி அதுவே.

அக்கூட்டம் இஷ்ரத் மன்ஸிலில் நிகழ்ந்தது என்று சிலரும், ஜல்சாகரில் நிகழ்ந்தது என்று வேறு சிலரும் எழுதியுள்ளனர். எந்த மண்டபமாயினும் தோட்டம் ஒன்றே. ஆடலுக்கும் பாடலுக்குமென அமைந்த தோட்டத்தில், ஒரு துணைக்கண்டத்தின் வரைபடத்தை மாற்றப் போகும் அமைப்பு பிறந்தது.

அன்று அங்கே அமர்ந்திருந்தவர்கள் யார்? நவாப்மார், ஜமீன்தார்கள், சட்டத்தரணிகள், கல்விமான்கள். அழைப்புக் கிடைத்தவர்களே உள்ளே வரமுடிந்தது. உட்காரும் இடம் நவாபுக்குச் சொந்தம். யார் உட்காரலாம் என்பதும் அவர் முடிவே. எமது கதையில் மாறப் போவது இந்த நிலைதான்.

தோட்டத்தருகே ஒரு பல்கலைக்கழகம்

1911 டிசெம்பரில் வங்காளப் பிரிவினை இரத்துச் செய்யப்பட்டது. கிழக்கு வங்காள முஸ்லிம்கள் பெரிதும் மனமுடைந்தனர். 1912 ஜனவரி இறுதியில் அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்ச் பிரபு டாக்கா வந்தபோது ஸலீமுல்லாஹ் உள்ளிட்ட தலைவர்கள் அவரைச் சந்தித்துத் தமது கவலையைத் தெரிவித்தனர். டாக்காவில் பல்கலைக்கழகம் அமைக்கப்படும் என்னும் வாக்குறுதி அதன் பயனாகக் கிடைத்தது. உலகப் போர் குறுக்கிட்டதனால் வேலை தாமதமாயிற்று. ஸலீமுல்லாஹ் 1915 இல் காலமானார். அவர் காணாத அப்பல்கலைக்கழகம் 1921 ஜூலை 1 இல் தன் கதவுகளைத் திறந்தது.

ஷாபாக்கை அடுத்த ரம்னா பகுதியில் பல்கலைக்கழகம் அமைந்தது. பிரிவினைக் காலத்தில் மாகாணச் செயலகமாகக் கட்டப்பட்ட கட்டடம் கலைப்பீடமாயிற்று. முதல் ஆண்டிலேயே லீலா நாக் என்னும் பெண் ஆங்கில முதுகலை வகுப்பில் சேர்ந்து அதன் முதல் மாணவியானார். 1927 இல் பஸீலதுன்னிஸா என்னும் முஸ்லிம் யுவதி கணிதத்தில் முதல் வகுப்பில் முதலாவதாகத் தேறி முதுகலைப் பட்டம் பெற்றார். பெண்களுக்குக் கணிதம் வராது என்று இன்றும் சொல்பவர்கள் இந்தப் பெயரை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

கதவு திறந்தாலும் கட்டுப்பாடு இருந்தது. வகுப்புத் தொடங்கும் வரை மாணவியர் தமது பொது அறையில் காத்திருப்பர். விரிவுரையாளருடன் வகுப்புக்குள் நுழைந்து அவருடனேயே வெளியேறுவர். மாணவர்களுடன் பேச வேண்டுமாயின் ஒழுக்காற்று அதிகாரியின் அனுமதி வேண்டும். அக்காலத்தில் படித்த பெண்கள் பலர் தமது நினைவுகளில் இவற்றைக் குறிப்பிட்டுள்ளனர்.

மது நானாவின் கடன் கொப்பி

பல்கலைக்கழகம் தொடங்கிய காலத்தில் அதன் வளாகத்தில் ஆதித்ய சந்திர தே என்பவர் சிறிய தீன்பண்டக் கடையொன்றை நடத்தினார். இவர் விக்ரம்பூரைச் சேர்ந்த இந்துக் குடும்பத்தவர். 1930களின் நடுப்பகுதியில் அவருடைய மகன் மதுசூதன் பதினைந்து வயதளவில் தந்தைக்கு உதவியாகக் கடைக்கு வந்தார். தந்தை மறைந்த பின்னர் கடை முழுவதும் அவர் பொறுப்பாயிற்று. மாணவர் சங்கத்தின் வேண்டுகோளால் கலைப்பீடத்தருகே அவருக்குச் சிற்றுண்டிச்சாலை நடத்த இடம் கிடைத்தது.

மாணவர்கள் அவரை 'மதுதா' என்று அழைத்தனர். 'தா' என்பது அண்ணனைக் குறிக்கும் ஒட்டு. எமது வழக்கில் சொல்வதானால் 'மது நானா'. தேநீர், எமது சமோசாவுக்கு உறவான சிங்காரா, பாலில் செய்த இனிப்புகள் ஆகியவைதான் அவரது வியாபாரம். கையில் காசில்லாத மாணவருக்குக் கடன் கொடுப்பார். கணக்கைக் கொப்பியில் எழுதி வைப்பார். 'கொடுக்காமல் மறைந்தோர்' எனப் பொருள்படும் தலைப்பின் கீழ் அவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார் என்றும், பிற்காலத்தில் நாட்டின் பெருந்தலைவர்களான சிலரின் பெயர்களும் அதில் இருந்தன என்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

கடன் கொடுத்ததைவிடப் பெரிய காரியமொன்றையும் அவர் செய்தார். ஒரு பிளேன்டீயை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் பேசினாலும் அவர் யாரையும் எழுப்பி விடவில்லை. வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இது நட்டம். மேசை வெறுமையானால்தானே அடுத்தவர் வந்து வாங்குவார்? ஆனால் மது நானாவின் கடையில் மேசை மாணவருக்குச் சொந்தமாயிற்று. எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்று அவர் கேட்கவில்லை. பெரும்பாலும் முஸ்லிம்களாக இருந்த அந்த மாணவர்கள், இந்துவான அவரைத் தமது இரகசியங்களுக்கெல்லாம் நம்பிக்கைக்குரியவராகக் கருதினர்.

மாமரத்தடியில் ஒரு காலைப்பொழுது

1947 இல் பாகிஸ்தான் உருவானது. கிழக்குப் பாகிஸ்தானில் வாழ்ந்த வங்காள மொழியினரே நாட்டின் சனத்தொகையில் பெரும்பான்மையினர். எனினும் 1948 மார்ச்சில் டாக்கா வந்த முஹம்மத் அலி ஜின்னா, உருது மட்டுமே அரச மொழியாகும் என அறிவித்தார். அப்போதே எதிர்ப்புத் தொடங்கியது. 1952 ஜனவரியில் பிரதமர் நாஸிமுத்தீன் அதையே மீண்டும் கூறியபோது மாணவர்கள் கொதித்தெழுந்தனர். இந்த நாஸிமுத்தீன் டாக்கா நவாப் குடும்பத்தில் பிறந்தவர் என்பது கவனிக்கத்தக்கது.

பெப்ரவரி 21 இல் வேலைநிறுத்தமும் ஊர்வலமும் என முடிவாயிற்று. முந்திய நாள் அரசாங்கம் 144 ஆம் பிரிவின் கீழ் கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் தடை விதித்தது. தடையை மீறுவதா, இல்லையா? மூத்த தலைவர்கள் பலர் வேண்டாம் என்றனர். 21 ஆந் திகதி காலை கலைப்பீட வளாகத்தின் மாமரத்தடியில் மாணவர்கள் கூடினர். மது நானாவின் கடை இருந்ததும் அந்தச் சூழலில்தான். பத்துப் பத்துப் பேராக வெளியேறித் தடையை மீறுவதென அங்கே தீர்மானித்தனர்.

அக்கூட்டத்துக்கு நகரின் பெண்கள் பாடசாலைகளிலிருந்தும் மாணவியர் வந்திருந்தனர். அவர்களை அழைத்து வரும் பொறுப்பு ஹலீமா காத்தூன் என்னும் பல்கலைக்கழக மாணவிக்கு வழங்கப்பட்டிருந்தது. அப்பாடசாலைகளுள் முஸ்லிம் பெண்கள் பாடசாலையும் ஒன்று. எமது வயதினர், எம்மைப் போன்ற பாடசாலையினர் என்பதை இங்கே ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆண்களுடன் பேசவே அனுமதி பெற வேண்டியிருந்த காலத்தில் ஹலீமா காத்தூன், ஷாபியா காத்தூன், ஸுபியா, ரவ்ஷன் ஆரா பாச்சு முதலான மாணவியர் பொலிஸ் அணிவகுப்பை நோக்கி நடந்தனர். தடியடி விழுந்தது, கண்ணீர்ப் புகை எழுந்தது. பிற்பகலில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பர்கத், ரபீக், ஜப்பார் ஆகியோர் அன்று சுடப்பட்டு மாண்டனர். காயமுற்ற ஸலாம் பின்னர் மரணித்தார்.

1956 இல் பாகிஸ்தானின் முதலாவது அரசியலமைப்பு வங்காளத்தையும் அரச மொழியாக ஏற்றது. 1999 நவம்பரில் யுனெஸ்கோ பெப்ரவரி 21 ஐ சர்வதேச தாய்மொழித் தினமாகப் பிரகடனம் செய்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இலங்கை முஸ்லிம்களாகிய எமக்கு இந்த நாளோடு தனியொரு நெருக்கம் உண்டு. மார்க்கம் வேறு, மொழி வேறு. இரண்டையும் ஒருங்கே நேசிக்கலாம் என்பதை அன்று உயிர்கொடுத்துச் சொன்னவர்களும் முஸ்லிம் இளைஞர்களே.

மேசை மண்டபத்துக்குள் வந்தது

1960களில் கலைப்பீடம் நீல்கேத் பகுதியில் புதிய கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. மாணவர் போகுமிடமெல்லாம் மது நானாவும் போக வேண்டுமல்லவா? புதிய கலைப்பீடத்தின் அருகே நவாப் காலத்துப் பழைய மண்டபம் நின்றிருந்தது. அதுவே அவருடைய சிற்றுண்டிச்சாலையாயிற்று. அழைக்கப்பட்டோர் மட்டும் அமர்ந்த ஜல்சாகரில், காசில்லாத மாணவனும் உரிமையோடு உட்காரத் தொடங்கினான்.

அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை வரிசையாகச் சொன்னால் அது பங்களாதேஷின் அரசியல் வரலாறாகவே இருக்கும். இராணுவ ஆட்சியின் கல்விக் கொள்கைக்கெதிரான 1962 ஆம் ஆண்டுப் போராட்டம், 1966 ஆம் ஆண்டின் ஆறு அம்சக் கோரிக்கை, ஐயூப் கானின் ஆட்சியை வீழ்த்திய 1969 ஆம் ஆண்டு மக்கள் எழுச்சி ஆகிய எல்லாவற்றிலும் டாக்கா மாணவர்கள் முன்னணியில் நின்றனர். அவர்கள் கூடித் திட்டமிடும் இடமாக மது நானாவின் மேசைகள் விளங்கின. ஒரு மேசையில் ஓர் அமைப்பினர். அடுத்த மேசையில் அவர்களை எதிர்ப்போர். வாதம் முற்றும், குரல் உயரும். ஆனாலும் இரு மேசைகளுக்கும் தேநீர் ஒரே அடுப்பிலிருந்துதான் வந்தது.

1971 மார்ச் 2 ஆந் திகதி, கலைப்பீடத்தின் முன்னால் இருந்த ஆலமரத்தருகே பங்களாதேஷின் கொடி முதன்முறையாக ஏற்றப்பட்டது. மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்த மரம் நின்றது.

மார்ச் 26

1971 மார்ச் 25 நள்ளிரவில் பாகிஸ்தான் இராணுவம் டாக்காப் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்தது. மாணவர் விடுதிகளிலும் ஆசிரியர் குடியிருப்புகளிலும் படுகொலை நிகழ்ந்தது. மறுநாள் காலை, வளாகத்திலேயே வசித்த மது நானாவின் வீட்டுக்கும் இராணுவத்தினர் வந்தனர். அவர் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியும் மூத்த மகனும் புதிதாக வீட்டுக்கு வந்த மருமகளும் கொல்லப்பட்டனர்.

அவர் எந்தக் கட்சியிலும் பதவி வகித்தவரல்லர், மேடையேறிப் பேசியவருமல்லர். அவர் செய்த 'குற்றம்' உட்கார இடம் கொடுத்தது. ஓர் அடக்குமுறை ஆட்சி பேச்சாளர்களை மட்டுமே அஞ்சும் என்று நாம் நினைக்கிறோம். பேச்சு விளையும் இடத்தையும் அது அஞ்சுகிறது. கலைப்பீடத்து ஆலமரத்தையும் இராணுவத்தினர் வேரோடு பிடுங்கி எறிந்தனர். ஒரு மரத்தின் மீது என்ன பகை? அதன் நிழலில் மாணவர்கள் கூடினார்கள், அவ்வளவுதான். விடுதலையின் பின்னர், 1972 பெப்ரவரியில், அமெரிக்க செனட்டர் எட்வேர்ட் கென்னடி அதே இடத்தில் புதிய ஆலங்கன்றை நட்டார். இன்று அது பெருமரமாக நிழல் தருகிறது.

மண்டபம் எவ்வாறு தப்பியது? பல்கலைக்கழகத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தியொன்று உண்டு. இராணுவத்தினர் அதை இடிக்கத் தொடங்கியபோது உருதுத் துறை ஆசிரியர் ஒருவர் விரைந்து வந்து, "முஸ்லிம் லீக் பிறந்த மண்டபத்தையா இடிக்கிறீர்கள்?" என்ற கருத்துப்படக் கேட்டாராம். அதைக் கேட்டு இராணுவத்தினர் நிறுத்திக்கொண்டார்களாம். அந்தச் செய்தியின்படி, பாகிஸ்தானின் பிறப்போடு தொடர்புடைய நினைவுதான், பாகிஸ்தானுக்கு எதிராக எழுந்த மாணவரின் மண்டபத்தைக் காப்பாற்றியது. வரலாற்றைத் தெரிந்து வைத்திருந்த ஆசிரியர் ஒருவரின் ஒரு கேள்வி, கல்லையும் சுவரையும் காத்தது. வரலாறு படித்து என்ன பயன் என்று கேட்போருக்கு இதைவிடச் சுருக்கமான பதில் இருக்க முடியாது.

போர் முடிந்ததும் மது நானாவின் இன்னொரு மகன், இளவயதிலேயே, தந்தையின் கடையை மீண்டும் திறந்தார். வாசலில் மது நானாவின் மார்பளவுச் சிலை வைக்கப்பட்டுள்ளது. நாட்டின் தலைவர்களுக்கும் தளபதிகளுக்கும் சிலை வைப்பது வழக்கம். தேநீர் விற்றவருக்குச் சிலை வைத்த பல்கலைக்கழகம் உலகில் வேறு எத்தனை இருக்கும்?

மேசையைக் கைப்பற்றுவோர்

கதையை இவ்விடத்திலேயே முடித்தால் இனிமையாக இருக்கும். ஆனால் முழுமையாக இராது. விடுதலைக்குப் பின்னரும் மதுர் கென்டீன் மாணவர் அரசியலின் மையமாகவே விளங்கியது. 1990 இல் எர்ஷாதின் ஆட்சியை வீழ்த்திய போராட்டத்தில் எதிரெதிர் மாணவ அமைப்புகள் ஒன்றிணைந்து செயற்பட்டன. ஆனால் காலப்போக்கில், நாட்டை ஆளும் கட்சி எதுவோ அதன் மாணவர் பிரிவே வளாகத்தையும் விடுதிகளையும் இந்த மண்டபத்தையும் தன் கைக்குள் வைத்துக்கொள்ளும் நிலை உருவாயிற்று. மாற்றுக் கருத்துடையோர் தாக்கப்பட்டனர்; விரட்டப்பட்டனர். பேசுவதற்கான மேசை ஒரு தரப்பின் காவலரணாகியது.

அதன் விளைவு 2024 இல் தெரிந்தது. அரசாங்க வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டு முறைக்கெதிரான போராட்டம் மதுர் கென்டீனுக்குள் அன்றி, தெருவிலும் நூலக முன்றலிலும் ராஜு சிற்பத்தின் அடியிலும் வளர்ந்தது. ஜூலை 14 இரவு டாக்காப் பல்கலைக்கழக மாணவியர் தமது விடுதிகளிலிருந்து கூட்டங்கூட்டமாக வெளியேறி வீதிக்கு வந்தனர். அடுத்த மாதம் 5 ஆந் திகதி ஆட்சி கவிழ்ந்தது. இடையில் நூற்றுக்கணக்கான உயிர்கள் பலியாயின. உட்கார்ந்து பேசும் இடத்தைப் பூட்டினால் பேச்சு நின்றுவிடாது; அது வீதிக்கு வரும். வீதிக்கு வந்த பேச்சுக்கு விலை அதிகம்.

எமக்கு இதில் என்ன?

பிள்ளைகள் அரசியல் பேசுகிறார்கள் என்றால் பெற்றோர் அஞ்சுகிறார்கள். பெண்பிள்ளைகள் என்றால் அந்த அச்சம் இரட்டிப்பாகிறது. எமது நாடு கடந்து வந்த பாதையை அறிந்தோர் அவ்வச்சத்தைக் குறை கூறமாட்டார்கள். டாக்காவின் கதையிலும் இரத்தம் இருக்கிறது. ஆனால் கூர்ந்து பார்த்தால், அந்த இரத்தம் மாணவர்கள் உட்கார்ந்து பேசியதனால் சிந்தப்படவில்லை. பேச்சைக் கேட்க மறுத்தவர்கள் ஆயுதத்தை எடுத்ததனால் சிந்தப்பட்டது.

ஆகவே நாம் கேட்பது கட்சியுமன்று, கொடியுமன்று. வீட்டில் உம்மாவும் வாப்பாவும் இருக்கும் சபையில் ஒரு கருத்தைச் சொல்லி, அது பிழையென்றால் ஏன் பிழை என்று கேட்டறிய ஓரிடம். பாடசாலையில் விவாத மன்றமும் தமிழ் மன்றமும் போட்டிக் காலத்தில் மட்டும் கூடிக் கலையாமல், ஆண்டு முழுவதும் உட்கார ஓரிடம். எமக்கு உடன்பாடற்ற கருத்தைச் சொல்பவளோடும் ஒரே வாங்கில் அமர்ந்து, பேச்சு முடிந்ததும் ஒரே சிற்றுண்டியைப் பகிர்ந்துண்ணும் பழக்கம். சஹனில் சோறுண்ணும் சமூகம் நாம். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் அமரும்போது ஆறு பேரும் ஒரே கருத்தினராக இருப்பதில்லை. அதற்காக யாரும் எழுந்து போவதுமில்லை.

நவாப் ஸலீமுல்லாஹ் தோட்டத்தைக் கொடுத்தார். அதில் ஒரு கட்சி பிறந்தது. அவரைப் போன்ற தலைவர்களின் முயற்சியால் ஒரு பல்கலைக்கழகமும் பிறந்தது. அதற்காக வரலாறு அவரை மறக்கவில்லை. ஆயினும் அந்த மண்டபம் இன்று அவர் குடும்பத்தின் பெயரால் அழைக்கப்படுவதில்லை. கட்டியவர் பெயர் நிலைக்காத மண்டபத்தில், வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்தவரின் பெயர் நிலைத்துவிட்டது. அப்பெயரை எந்த அரசாங்கமும் வர்த்தமானியில் அறிவித்து வைக்கவில்லை. கடனுக்குத் தேநீர் குடித்த மாணவர்கள் வைத்த பெயர் அது.